சந்தேகமா? இறங்கிப் பாருங்கள்

கேள்வி: கனரக வாகன லைசென்ஸ் வாங்கிச் சில வாரங்கள்தான் ஆகின்றன. அடுத்த வாரம் முதல் லாரியைத் தனியாக எடுக்கச் சொல்லிவிட்டார் முதலாளி. ரிவர்ஸ் எடுக்கும்போது யாராவது ஹாரன் அடித்தால் கை உதறுகிறது. இரவு ஓட்டத்தை நினைத்தாலும் பயம். முதலில் எதைப் பழக வேண்டும்?

பதில்: தம்பி, இந்தப் பயம் இருப்பது நல்லதுதான். 22 வருஷம் லாரி ஓட்டியவன் சொல்கிறேன், முதலில் பழக வேண்டியது கேபினை விட்டு இறங்குவதை.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம் ஒரு குடோனில் ரிவர்ஸ் எடுத்தேன். பின்னால் இரண்டு வண்டிகள் காத்திருந்தன. ஒருவர் 'வா, வா' என்று கை காட்டினார். கண்ணாடியில் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. லாரியின் மேல்மூலை கூரை விளிம்பில் மோதி, தகரம் கிழிகிற சத்தம் கேட்ட பிறகுதான் புரிந்தது: கை காட்டியவர் டயரைப் பார்த்தாரே தவிர, மேலே பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அங்கே தகரத்துக்குப் பதில் ஓர் ஆள் இருந்திருந்தால் என்ற நினைப்பு இன்னும் என்னை விடவில்லை.

ஆகவே ரிவர்ஸுக்கு முன் இறங்கிப் பின்பக்கம் வரை நடங்கள். தரை, இரு பக்கம், தலைக்கு மேல் எல்லாம் பாருங்கள். வழி காட்டுகிறவர் கண்ணாடியிலிருந்து மறைந்தால் அந்த நொடியே பிரேக். ஹாரன் அடிப்பவர் அடிக்கட்டும். உங்கள் வண்டி இடித்தால் அவர் வந்து பதில் சொல்லப் போவதில்லை.

காலையில் கிளம்பும் முன்னும் வண்டியை ஒரு சுற்று வாருங்கள். பின்பக்க ஜோடி டயரில் உள் டயர் காற்றிறங்கிப் போயிருந்தாலும் வெளி டயர் தாங்கிக்கொள்ளும், பார்வைக்குத் தெரியாது. ஒரு கட்டையால் தட்டுங்கள். காற்றுள்ள டயர் கட்டையைத் துள்ளவிடும். இறங்கியது 'தொப்' என்று வாங்கிக்கொள்ளும். வீல் நட்டைச் சுற்றித் துருக் கோடு வழிந்திருந்தால் அது தளர்ந்திருக்கலாம். லோடு ஏற்றியிருந்தால் 50 கி.மீ. போனதும் நிறுத்திக் கயிற்றை இழுத்துப் பாருங்கள். சரக்கு குலுங்கி அமர்ந்ததும் கயிறு தளரும்.

இறக்கம்தான் புது டிரைவரை ஏமாற்றும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். லோடு அதிகமென்றால் அதற்கும் கீழே ஒரு கியர். உச்சியில் இருக்கும்போதே கியரைக் குறைத்துவிடுங்கள். பாதி இறக்கத்தில் மாற்றப் போய் கியர் விழாவிட்டால் வண்டி உங்கள் கையில் இல்லை. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிரம் சூடேறி விரியும், அதை உரசிப் பிடிக்கும் லைனிங்கும் பிடிமானம் இழக்கும். மிதி இருக்கும், பிரேக் இருக்காது. கருகின வாசனை வந்தால் ஓரங்கட்டி ஆறவிடுங்கள். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுகிறவர்களைப் பார்ப்பீர்கள். தயவுசெய்து அதை மட்டும் கற்றுக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், பம்பருக்கு நேர் முன்னாலும், உங்கள் இருக்கைக்கு எதிர்ப்பக்கக் கதவோரத்திலும் நிற்கிற ஆள் உங்களுக்குத் தெரியாமல் போகலாம். வளைவில் பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டி வரும். அந்தச் சந்தில் ஒரு பைக் நுழைந்திருக்கும் என்றே நினைத்துத் திருப்புங்கள்.

இரவு 2 மணியிலிருந்து 5 மணி வரை உடம்பு தூக்கம் கேட்கும் நேரம். 80 கி.மீ. வேகத்தில் 4 விநாடி கண் சொருகினால் வண்டி கிட்டத்தட்ட 90 மீட்டர் போய்விடும். ஜன்னலைத் திறப்பதும் பாட்டை அலறவிடுவதும் உதவாது. வந்த வழி கொஞ்ச தூரம் நினைவில் இல்லையென்றால் ஏற்கெனவே அசந்திருக்கிறீர்கள். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி 20 நிமிடம் தூங்குங்கள். எழுந்ததும் உடனே ஸ்டியரிங்கைத் தொடாமல் இறங்கிக் கொஞ்சம் நடந்துவிட்டு எடுங்கள்.

முதல் மாதம் பகல் டிரிப்பாகவும், போய்ப் பழகிய பாதையாகவும் கொடுங்கள் என்று முதலாளியிடம் இன்றைக்கே கேளுங்கள். வண்டியின் மதிப்பு தெரிந்த முதலாளி மறுக்க மாட்டார்.