பாட்டு பிடிக்குது, பாடுறவரோட அரசியல் பிடிக்கல

கேள்வி: காலேஜ் டைம்லேர்ந்து ஒரு பாடகர்தான் எனக்கு எல்லாமே. போன எலெக்‌ஷன்ல அவர் மேடையேறி எங்க மாதிரி ஆளுங்களைப் பத்தி ரொம்பக் கேவலமா பேசினார். இப்ப அவர் பாட்டைக் கேட்டா குறுகுறுன்னு இருக்கு, கேக்காமலும் இருக்க முடியல. ‘கலை வேற, ஆள் வேற’ன்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. நான்தான் ஓவரா ஃபீல் பண்றேனா?
- பெயர் வேண்டாம்

பதில்: ஓவரெல்லாம் இல்லைங்க. திட்டு வாங்கினது நீங்க, அந்தக் குரல் காதுல விழும்போது சுருக்குன்னு தைக்கத்தான் செய்யும். ‘கலை வேற, ஆள் வேற’ன்னு ஒரே வரியில பைசல் பண்றவங்க பெரும்பாலும் அந்தத் திட்டு தன் மேல விழாதவங்களாத்தான் இருப்பாங்க (உங்க ஃப்ரெண்ட்ஸ் கோச்சுக்க வேணாம்).

ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் கதையைப் பாருங்க. 1850ல யூதர்களுக்கு எதிரா புனைபெயர்ல ஒரு கட்டுரை எழுதினார், 1869ல அதையே சொந்தப் பேர்லயும் போட்டார், அதனால ஏதோ வாய் தவறி வந்ததுன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. ஆனா அதே மனுஷனோட கடைசி ஓபராவுக்கு (பாட்டாலேயே நகர்ற நாடகம்) 1882ல முதல்முதலா ஆர்கெஸ்ட்ராவை நடத்தினது ஹெர்மன் லெவின்னு ஒரு யூதர். அப்புறம் 1938 நவம்பர்ல ஜெர்மனியில யூதர்களோட கடை, வழிபாட்டு இடம்லாம் அடிச்சு நொறுக்கினாங்கல்ல, அதுக்கப்புறம் இன்னைக்கு இஸ்ரேல் ஃபில்ஹார்மோனிக்னு இருக்கிற ஆர்கெஸ்ட்ரா வாக்னரை வாசிக்கிறதையே விட்டுட்டாங்க. 2001 ஜூலையில டேனியல் பாரன்பாய்ம்னு ஒரு ஆர்கெஸ்ட்ரா நடத்துனர் ஜெருசலேம்ல கச்சேரி முடிஞ்சதும், வாக்னர் ஒண்ணு வாசிக்கட்டுமா, வேணாம்னா நீங்க கிளம்பலாம்னு ஆடியன்ஸ்கிட்டயே கேட்டார். அரை மணி நேரம் வாக்குவாதம், சில பேர் கதவை அறைஞ்சு சாத்திட்டுப் போனாங்க, மிச்சப் பேர் உக்காந்து கேட்டாங்க. என்னைக் கேட்டா போனவங்களும் சரி, கேட்டவங்களும் சரி.

எல்லாக் கேஸும் இப்படி இருக்காது. அமெரிக்க டைரக்டர் கிரிஃபித்தோட 1915 படத்துல, கறுப்பினத்தவங்களை வேட்டையாடின கூ க்ளக்ஸ் க்ளான்ங்கிற வெள்ளை இனவெறி இயக்கம்தான் ஹீரோ, செத்துக் கிடந்த அந்த இயக்கம் அதே வருஷம் மறுபடி முளைச்சுது, அங்க எதை எதுலேர்ந்து பிரிப்பீங்க? நார்வே எழுத்தாளர் ஹாம்சுன் வேற ரகம். 1920ல நோபல் வாங்கினார், 1943ல அந்தப் பதக்கத்தைக் கொண்டுபோய் ஹிட்லரோட பிரச்சார மந்திரி கோயபல்ஸுக்குக் குடுத்தார், ஆனா அவர் 1890ல எழுதின நாவலை இன்னைக்கும் படிக்கிறாங்க, அதுல நாஜி வாசனை தேடினாலும் கிடைக்காது.

உங்காளு பாட்டுல அந்த வெறுப்பு இருக்கான்னு முதல்ல பாருங்க. இல்லேன்னா பிடிச்சது பிடிச்சதுதான், காதுக்குப் போய் யாரு உத்தரவு போட முடியும். ஆனா வாக்னர் செத்தாச்சு, இவர் உயிரோட இருக்கார். டிக்கெட் வாங்கினா காசு போகுது, அந்தக் காசும் கூட்டமும்தான் அவருக்கு அடுத்த மேடையில தெம்பு. அதை நிறுத்துறது உங்க கையில இருக்கு, நானா இருந்தா நிறுத்திடுவேன்.

ஒண்ணு மட்டும் பண்ணாதீங்க. ‘அவர் எப்பவுமே சுமாரான பாடகர்தான்’னு இப்ப புதுசா கண்டுபிடிக்காதீங்க, அது பொய். பாட்டு நல்லாருக்கேன்னு ‘அவர் அப்படி நினைச்சுப் பேசலை’ன்னு சப்பைக்கட்டு கட்டுறது அதைவிட மோசம். ஃப்ரெண்ட்ஸ்கிட்ட அந்தப் பேச்சை முழுசா உங்க பக்கத்துல உக்காந்து கேக்கச் சொல்லுங்க, அப்புறம் பேசலாம். ப்ளேலிஸ்ட்டை இன்னைக்கே அழிக்கணும்னு அவசரமில்ல, வரும்போது கடுப்பா இருந்தா ஸ்கிப் பண்ணுங்க, இல்லேன்னா ஓடட்டும்.