ஒரே கன்ட்ரோலர், இரண்டு மையங்கள்

கேள்வி: வாட்சிம் நெட்வொர்க்கில் (விமான சிமுலேட்டரில் பறப்பவர்களுக்குத் தன்னார்வலர்கள் வான்போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் இணைய நெட்வொர்க்) எங்கள் மையத்தில் ஆள் பற்றாக்குறை. பக்கத்து மையத்தின் தன்னார்வ கன்ட்ரோலர்களை அப்படியே உட்கார வைக்கலாமா?

பதில்: அப்படியே முடியாது. அவர்கள் 'விசிட்டிங் கன்ட்ரோலர்' (வேறு மையத்திலிருந்து வந்து பணி செய்பவர்) ஆகப் பதிவு செய்ய வேண்டும். வாட்சிம் தரநிலைகளில் எஸ்2 என்றால் டவர் (ஓடுபாதை), எஸ்3 என்றால் அப்ரோச் (விமான நிலையத்தை நெருங்கும் விமானங்கள்), சி1 என்றால் ஏரியா (நடுவழியில் பறப்பவை); அந்தத் தகுதி கூடவே வரும். உள்ளூர் நடைமுறை வராது. சிக்கல் பெரும்பாலும் ஹேண்ட்ஆஃபில்தான், அதாவது விமானத்தை அடுத்த கன்ட்ரோலரிடம் ஒப்படைப்பதில்தான். அப்ரோச்சுக்கு எந்த இடத்தில், எந்த உயரத்தில் விமானத்தைக் கொடுக்க வேண்டும் என்பது இரு மையங்களின் ஒப்பந்தக் கடிதத்தில் இருக்கும். அதைப் படிக்காதவர் விமானத்தை 4,000 அடி அதிக உயரத்தில் விட்டால், இறங்க ஏறத்தாழ 12 கடல் மைல் கூடுதலாகத் தேவை. அப்ரோச் கன்ட்ரோலர் விமானத்தைச் சுற்றவிட, பின்னால் வரிசை நீளும்.

எனவே முதலில் இரு மையங்களும் ஒரே ஏராக் சுழற்சியின் (வான்வழித் தகவல்கள் புதுப்பிக்கப்படும் கால அட்டவணை) செக்டர் ஃபைலை, அதாவது கன்ட்ரோலர் திரையில் வரும் வான்பரப்பு வரைபடக் கோப்பை, ஏற்றுங்கள். அது 28 நாளுக்கு ஒருமுறை மாறும். அடுத்து, வருபவரை நெரிசலில்லாத நேரத்தில், உள்ளூர்க்காரர் ஒருவர் கூட இருந்து கவனிக்க உட்கார வையுங்கள். அப்ரோச்சில் இருப்பவர் ஆளில்லாத டவரையும் கிரவுண்டையும் (தரையில் நகரும் விமானங்கள்) சேர்த்தே பார்க்க நேரும். விமானங்கள் தரையில் ஓடும் டாக்ஸி வழிகள் தெரியாதவரிடம் அதைத் தனியாக ஒப்படைப்பது நியாயமே இல்லை. அவர்களுடைய சொந்த மையத்தைக் காலியாக்கிவிட்டு ஆள் வாங்காதீர்கள். அவர்களுடைய பணிநேரப் பட்டியலையும் கேளுங்கள்.