எத்தனை பேரில்?

அன்புள்ள ஐயா,

நான் கல்லூரி முதலாண்டு மாணவி. புள்ளியியல் எனக்குத் துணைப்பாடம். சராசரி, இடைநிலை அளவு, திட்டவிலக்கம் வரை எப்படியோ சமாளித்துவிட்டேன். நிகழ்தகவு தொடங்கியதும் எதுவும் பிடிபடவில்லை. ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகளும் சார்பற்ற நிகழ்ச்சிகளும் ஒன்றுதானே? இரண்டிலும் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பில்லை என்றுதானே பொருள்? நிபந்தனை நிகழ்தகவின் சூத்திரத்தை மனப்பாடமாக எழுதுகிறேன், ஆனால் என்ன செய்கிறேன் என்று தெரியவில்லை. நாணயத்தைச் சுண்டிப் பத்து முறை தொடர்ந்து தலை விழுந்தால் அடுத்துப் பூ விழத்தானே வாய்ப்பு அதிகம்? இல்லை என்கிறது புத்தகம், மனம் ஒப்பவில்லை. புள்ளிவிவரத்தை வைத்து எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம் என்கிறார்கள். பிறகு இதைப் படித்து என்ன பயன்? எனக்குக் கணக்கு வராது என்று விட்டுவிடலாமா?

ம.

அன்புள்ள ம.,

பழைய காகிதங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த வாரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அவற்றுக்கிடையே என் அக்காவின் இரத்தப் பரிசோதனை அறிக்கை ஒன்று அகப்பட்டு, அதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் நிபந்தனை நிகழ்தகவைப் பற்றிக் கேட்கிறீர்கள். எனக்கு அந்தக் காகிதம்தான் நிபந்தனை நிகழ்தகவு.

அதற்கு முன் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். “எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம்” என்ற பேச்சை இனி என்னிடம் எடுக்காதீர்கள். படிக்க மனமில்லாதவர்கள் சொல்லிச் சொல்லிப் பழக்கிய வாக்கியம் அது. எண்ணை வைத்து ஒருவன் ஏமாற்றுகிறான் என்றால் அவனைப் பிடிக்க எண் தெரிந்த ஒருவர் வேண்டும். அந்த ஒருவராக இருக்கக்கூடிய வயதில் நீங்கள் இருக்கிறீர்கள்.

நாணயத்துக்கு நினைவு கிடையாது. பத்துத் தலைகள் விழுந்தது உங்களுக்குத் தெரியும், அதற்குத் தெரியாது. உங்கள் மனம் ஒப்பாததன் காரணம் எனக்குப் புரிகிறது. நீண்ட ஓட்டத்தில் பாதிக்குப் பாதி வரும் என்று படித்திருக்கிறீர்கள். அப்படியானால் மிகையாக விழுந்த தலைகளைப் பூக்கள் ஈடுகட்டித்தானே ஆகவேண்டும் என்று எண்ணுகிறீர்கள். கணித அறிஞர் யாகோப் பெர்னூலி நிறுவி, அவர் இறந்து எட்டாண்டுகளுக்குப் பின் 1713-இல் அச்சேறிய பேரெண் விதி அப்படிச் சொல்லவில்லை. பத்துத் தலைகளுக்குப் பின் இன்னும் ஆயிரம் முறை சுண்டுங்கள். சராசரியாக 500 தலைகள் எதிர்பார்க்கலாம். மொத்தம் 1,010-க்கு 510, அதாவது 50.5 விழுக்காடு. பத்தாயிரம் முறை சுண்டினால் 10,010-க்கு 5,010, அதாவது 50.05 விழுக்காடு. அந்தப் பத்துத் தலைகளையும் யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. கூட்டம் பெருகியதும் அவை கண்ணுக்குத் தெரியாமல் போயின, அவ்வளவுதான்.

இனி அக்கா.

அவளுக்கு அப்போது நோயின் அறிகுறி எதுவும் இல்லை. எல்லோருக்கும் செய்வதுபோல் ஒரு பொதுப் பரிசோதனை செய்தார்கள். அரிதான, ஆனால் கொடிய ஒரு நோய் இருப்பதாக முடிவு வந்தது. “இந்தப் பரிசோதனை 99 விழுக்காடு சரியாக இருக்கும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வேறு முறையில் செய்த இரண்டாவது பரிசோதனையின் முடிவு வரப் பதினொரு நாட்கள் ஆயின. அந்தப் பதினொரு நாட்களில் அக்கா தன் எட்டு வயது மகளுக்குத் தானே தலை பின்னிக்கொள்ளக் கற்றுக்கொடுத்தாள். எதற்கு என்று குழந்தை கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

நான் அப்போது புள்ளியியலில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தவன். நிபந்தனை நிகழ்தகவைத் திருப்பிக் கணக்கிட உதவும் பேயிஸ் தேற்றத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதுவேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, 99 விழுக்காடு என்றால் எல்லாம் முடிந்தது என்று நானும் நம்பினேன். இரண்டாவது முடிவில் நோய் இல்லை என்று வந்தபிறகுதான், ஒரு நள்ளிரவில், செய்யவேண்டிய கணக்கைச் செய்து பார்த்தேன். அதை நான் முதல் நாளே செய்திருக்கவேண்டும். இத்தனை ஆண்டுகள் கழித்தும் அது ஆறவில்லை.

கணக்கு இதுதான். அறிகுறி இல்லாத ஆயிரம் பேரில் ஒருவருக்கு அந்த நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயுள்ள அந்த ஒருவரைப் பரிசோதனை பிடித்துவிடுகிறது. மீதி 999 பேரில் நூற்றுக்கு ஒருவரை, அதாவது ஏறக்குறைய பத்துப் பேரைத் தவறாகச் சுட்டுகிறது. ஆக, நோய் இருப்பதாகத் தாள் வாங்கியவர்கள் பதினொரு பேர். உண்மையில் நோயுள்ளவர் அவர்களில் ஒருவர். அக்கா அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி. அவளுக்கு நோய் இருந்த வாய்ப்பு சுமார் 9 விழுக்காடு. நாங்கள் 99 என்று நினைத்து அழுதுகொண்டிருந்தோம்.

எங்கே தவறினோம் என்று பாருங்கள். “நோயற்றவர்களில் எத்தனை பேருக்குத் தவறான முடிவு வரும்?” இதற்குப் பகுதி, அதாவது பின்னத்தில் கோட்டுக்குக் கீழே நிற்கும் எண், 999. “நோய் இருப்பதாக முடிவு வந்தவர்களில் எத்தனை பேர் நோயற்றவர்கள்?” இதற்குப் பகுதி 11. கோட்டுக்கு மேலே நிற்கும் தொகுதி இரண்டிலும் அதே பத்துப் பேர்தான். பகுதி மாறியதும் ஒன்று 1 விழுக்காடு, மற்றொன்று 91 விழுக்காடு. நிபந்தனை நிகழ்தகவு என்று நீங்கள் மனப்பாடம் செய்யும் சூத்திரம் முழுவதும் இந்த ஒரு காரியத்தைத்தான் செய்கிறது. நிபந்தனை என்ற சொல்லைக் கேட்டு மிரளாதீர்கள். கோட்டுக்குக் கீழே யாரை நிறுத்தியிருக்கிறோம் என்பதுதான் நிபந்தனை. “முடிவு வந்தவர்கள்” என்றால் மற்ற எல்லோரையும் அறையைவிட்டு வெளியே அனுப்பிவிட்டு, மிஞ்சியவர்களை மட்டும் எண்ணவேண்டும். அக்காவுக்கு அறிகுறிகள் இருந்திருந்தால் கீழே நிற்கும் கூட்டமே வேறு, விடையும் வேறு. அதே தாள், அதே இயந்திரம், ஆனால் வேறு விடை. இதை உணர்ந்த அன்றுதான் எனக்குப் புள்ளியியல் தொடங்கியது.

இது மாணவர்கள் மட்டும் செய்யும் பிழை என்று எண்ணவேண்டாம். 1978-இல் வெளியான ஓர் ஆய்வில், ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவமனைகளில் மருத்துவர்களும் மாணவர்களுமாக 60 பேரிடம் இதே போன்ற கணக்கைக் கேட்டார்கள். நோய் ஆயிரத்தில் ஒருவருக்கு, தவறாகச் சுட்டும் அளவு 5 விழுக்காடு. சரியான விடை ஏறக்குறைய 2 விழுக்காடு. அதைச் சொன்னவர்கள் 11 பேர். பாதிப் பேருக்குச் சற்றுக் குறைவானவர்கள் 95 என்றார்கள்.

நீதிமன்றமும் தவறியிருக்கிறது. இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்ற பெண்ணின் இரண்டு கைக்குழந்தைகள், ஒன்று 1996-இலும் மற்றொன்று 1998-இலும், திடீரென இறந்தன. கொன்றுவிட்டாள் என்று வழக்கு. அவர்களுடையதைப் போன்ற குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் திடீரென இறக்க வாய்ப்பு 8,543-இல் ஒன்று என்றார் சாட்சியாக வந்த குழந்தை மருத்துவ நிபுணர். இரண்டு குழந்தைகள் என்பதால் அந்த எண்ணை அதாலேயே பெருக்கி, ஏறக்குறைய 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று என்றார். 1999-இல் அந்தத் தாய்க்கு ஆயுள் தண்டனை. அந்தப் பெருக்கலைப் பாருங்கள், ம. இரண்டு மரணங்களும் சார்பற்றவை, அதாவது ஒன்று நடந்தது மற்றொன்றின் வாய்ப்பை மாற்றாது என்றால் மட்டுமே அப்படிப் பெருக்கலாம். ஒரே இரத்தம், ஒரே வீடு. சார்பற்றவை என்று யார் சொன்னது? அதற்கு மேல் பகுதியும் மாறிவிட்டது. எல்லாக் குடும்பங்களிலும் இது எவ்வளவு அரிது என்பது ஒரு கேள்வி. இரண்டு குழந்தைகளை இழந்துவிட்ட தாய்மார்களில் எத்தனை பேர் குற்றமற்றவர்கள் என்பது வேறு கேள்வி. இரண்டு குழந்தைகளையும் தாயே கொல்வதும் மிக அரிதுதான் என்பதை யாரும் எதிர்த்தட்டில் வைக்கவில்லை. 2001-இல் இங்கிலாந்தின் ராயல் புள்ளியியல் கழகம் அந்த எண்ணுக்கு அடிப்படை இல்லை என்று பகிரங்கமாக அறிவித்தது. மறைந்து கிடந்த நுண்ணுயிர்ப் பரிசோதனை முடிவுகள் வெளிவந்தபின் 2003-இல் தண்டனை ரத்தானது. 2007-இல் அவர் இறந்துபோனார். “இதைப் படித்து என்ன பயன்” என்று இன்னொரு முறை கேட்பீர்களா?

உங்கள் முதல் கேள்வி பாக்கி இருக்கிறது. ஒரு பகடையை உருட்டுங்கள். இரட்டை எண் விழ வாய்ப்பு பாதி. “நான்குக்கு மேல் இல்லை” என்று யாரோ சொல்கிறார்கள். இப்போது கீழே 1, 2, 3, 4. அவற்றில் இரட்டை எண்கள் இரண்டு, மறுபடியும் பாதிதான். கிடைத்த செய்தி எதையும் மாற்றவில்லை, ஆகவே அவை சார்பற்றவை. “ஒற்றை எண்” என்று சொல்லியிருந்தால்? கீழே 1, 3, 5. இரட்டை எண் ஒன்றுகூட இல்லை. பாதியாக இருந்தது ஒரே சொல்லில் சுழியாகிவிட்டது. இவை ஒன்றையொன்று விலக்குபவை. இதைவிடப் பெரிய சார்பு எங்கே இருக்கிறது? நீங்கள் ஒன்றென்று நினைத்த இரண்டும் ஏறக்குறைய எதிரெதிர்.

உங்களுக்குக் கணக்கு வரும். புரியாமல் எழுதுகிறோம் என்ற உறுத்தல் உங்களுக்கு இருக்கிறது. தேர்வில் முழு மதிப்பெண் வாங்கிய நாளில் எனக்கு அது இருக்கவில்லை. ஒரு கணக்குத் தருகிறேன், போட்டுப் பாருங்கள். அக்காவுக்கு இரண்டாவது முறையும் அதே பரிசோதனையைச் செய்து, மறுபடியும் நோய் இருப்பதாகவே முடிவு வந்திருந்தால் வாய்ப்பு எவ்வளவு? அந்தப் பதினொரு பேரிலிருந்து தொடங்குங்கள். ஓர் எண் கிடைக்கும், பெரிய எண்ணாகவே இருக்கும். அதை எழுதியபின் சற்று நில்லுங்கள். முதல் முறை அவளைத் தவறாகச் சுட்டியதற்குக் காரணம் அவள் இரத்தத்திலேயே இருந்த ஏதோ ஒன்று என்றால், நீங்கள் செய்த அந்தப் பெருக்கல் செல்லுமா? அதையும் எழுதி அனுப்புங்கள்.