கிழக்கிலிருந்து உதிக்கும் சூரியன்

அன்புள்ள ஐயா,

நகோயாவில் வசிக்கிறேன். அக்கம்பக்கத்து நடுநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரக்கடைசியில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். படிப்பில் கெட்டிக்காரர்கள். ஆனால் இன், ஆன், அட், ஃப்ரம் என்று வந்துவிட்டால் தடுமாறுகிறார்கள். 'தி சன் ரைஸஸ் ஃப்ரம் தி ஈஸ்ட்' என்று எழுதுகிறார்கள். 'இன் தி ஈஸ்ட்' என்று திருத்தினால் ஏன் என்று கேட்கிறார்கள். மனப்பாடம் செய்யச் சொல்வதைத் தவிர வழியே இல்லையா? தமிழைப் போலவே ஜப்பானியத்திலும் உருபுகள் பெயருக்குப் பின்னால்தான் வருகின்றன. நமக்கு வராத பிழை அவர்களுக்கு ஏன் வருகிறது?

எம்., நகோயா

அன்புள்ள எம்.,

'ஹிகாஷி கரா நொபொரு' என்பது ஜப்பானிய வழக்கு. 'கரா' என்றால் 'இருந்து'. சூரியன் கிழக்கை விட்டுப் புறப்பட்டு மேலே ஏறுகிறது. ஆங்கிலத்துக்குக் கிழக்கு என்பது உதயம் நிகழும் பகுதி, அதனால் 'இன்'. நாமும் 'கிழக்கில் உதிக்கிறது' என்பதால் தப்பித்துவிடுகிறோம். ஆனால் 'இன் ஏப்ரல்' என்பதற்குப் பதிலாக 'ஸ்கூல் பிகின்ஸ் ஃப்ரம் ஏப்ரல்' என்று உங்கள் பிள்ளைகள் எழுதுவார்கள், பாருங்கள். 'ஜூனிலிருந்து பள்ளிக்கூடம்' என்று சொல்லிப் பழகிய நம் பிள்ளைகளும் அதே பிழையைச் செய்வார்கள். உருபு பின்னால் வருவது வரைக்கும்தான் ஒற்றுமை. எந்தக் காட்சிக்கு எந்த உருபு என்பதை ஒவ்வொரு மொழியும் தன் போக்கில் முடிவு செய்துகொள்கிறது.

சிக்கலை வளர்ப்பது ஒற்றைச் சொல்லுக்கு ஒற்றைப் பொருள் எழுதிப் படிக்கும் பழக்கம். 'ஆன்' என்றால் ஜப்பானியத்தில் 'உஎ', அதாவது மேலே என்று படித்த பிள்ளைக்கு, மேசைக்கு மேலே தொங்கும் விளக்கும் 'ஆன்' ஆகிவிடுகிறது. உட்கூரையில் தலைகீழாக ஒட்டியிருக்கும் ஈக்கு 'ஆன்' போடக் கை வராது. ஈ மேலே இல்லையே! 'ஆன்' சொல்வது உயரத்தை அல்ல, தொட்டுக்கொண்டிருப்பதை. மேசைமேல் புத்தகம், சுவரில் படம், உட்கூரையில் ஈ மூன்றையும் வரைந்து காட்டினால் போதும். தனாகா ஷிகெனோரி என்ற மொழியியலாளர் பல காலமாக வலியுறுத்துவது இதைத்தான்: இன், ஆன் போன்ற ஒவ்வொரு முன்னிடைச்சொல்லுக்கும் ஒரு மூலச்சித்திரம் உண்டு, மற்ற பொருள்கள் அதிலிருந்து கிளைக்கின்றன. 2003இல் வந்த 'ஈ-கேட்' ஆங்கில-ஜப்பானிய அகராதி இந்த எண்ணத்தில் உருவானதுதான். நல்ல வழி என்றே நினைக்கிறேன். ஆனால் அது மட்டும் போதாது.

ஏனென்றால் பல பிழைகள் வினைச்சொல்லிலிருந்து வருபவை. 'கோ ஷாப்பிங் டு கியோட்டோ' என்று எழுதுவார்கள். ஜப்பானியத்தில் 'போ' என்ற வினை ஊரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது: கியோட்டோவுக்குக் கடைக்குப் போகிறேன். ஆங்கிலத்தில் ஊர் ஷாப்பிங்கோடு சேர்கிறது, கியோட்டோவில் வாங்குகிறேன் என்று. அதனால் 'இன்'.

இன்னும் ஆழமான ஒன்று இருக்கிறது. 'ஜான் ஸ்வாம் அண்டர் தி பிரிட்ஜ்' என்ற வாக்கியத்துக்கு ஆங்கிலத்தில் இரண்டு பொருள்: பாலத்தின் அடியிலேயே நீந்திக்கொண்டிருந்தான், அல்லது வேறெங்கிருந்தோ நீந்திப் பாலத்தின் அடிக்குப் போனான். ஷுன்ஜி இனகாகி 2002இல் வெளியிட்ட ஆய்வு, ஜப்பானிய மாணவர்கள் இரண்டாவது பொருளைப் பெரும்பாலும் காண்பதில்லை என்று காட்டியது. அவர்கள் மொழியில் 'நீந்திப் போனான்' என்று போவதற்கு ஒரு வினை தனியே வேண்டும். தமிழிலும் அப்படித்தான். ஆங்கிலத்தில் அந்தப் பயணத்தை முன்னிடைச்சொல்லே சுமக்கிறது. இந்த வாக்கியத்தைக் கொடுத்து இரண்டு படம் வரையச் சொல்லுங்கள். ஒன்றோடு நிறுத்தும் பிள்ளைக்கு எது பிடிபடவில்லை என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

மனப்பாடத்துக்கும் இடம் உண்டு. முன்னிடைச்சொல்லே வேண்டாத இடத்தில் அதைச் சேர்க்கும் 'டிஸ்கஸ் அபௌட்', 'மேரி வித்' போன்ற பிழைகளுக்குப் படம் உதவாது. அங்கே வினையையும் அதை அடுத்து வரும் பெயரையும் ஒரே சொல்லாக, வாக்கியத்தோடு சேர்த்துப் பதிய வைக்க வேண்டியதுதான்.

அடுத்த வகுப்பை 'அன்டில்', 'பை' இரண்டிலிருந்து தொடங்கிப் பாருங்கள். ஜப்பானியத்தில் 'மதே' என்பது 'அன்டில்', ஐந்து மணி வரை என்பதில் வரும் 'வரை'; 'மதேநி' என்பது 'பை', ஐந்து மணிக்குள் என்பதில் வரும் 'உள்'. அவர்கள் மொழியிலேயே இந்த வேறுபாடு தயாராக இருக்கிறது, நம் மொழியிலும்தான். தாய்மொழி கைகொடுக்கும் இடத்தில் முதலில் ஜெயித்தால், சூரியனைப் பற்றிய கேள்விக்குப் பிள்ளைகள் தைரியமாக வருவார்கள்.