நடைபாதையில் படுத்துத் தூங்குவது இந்தியாவில் சட்டப்படி குற்றமா?

வெளியில் தூங்குபவர்களுக்கு அபராதம் போடலாம் என்று 2024-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதே, மும்பையில் அது முடியுமா, எங்கள் பில்டிங் வெளியே ஒரு குடும்பம் படுக்கிறது, புகார் கொடுத்தால் நிற்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வக்கீல் இல்லை. மும்பை ஃபோர்ட் பகுதியில் ஒரு வக்கீல் ஆபீஸில் பதினெட்டு வருஷமாக குமாஸ்தா. கேஸ் கட்டு தூக்கித் தூக்கிக் கற்றுக்கொண்ட சட்டம்தான்.

தூங்குவது குற்றமில்லை. விரிப்பதில்தான் சிக்கல்.

சயான் ஸ்டேஷன் பக்கம் பூ விற்கும் ஒரு ஆயா இருக்கிறாள், விழுப்புரம் பக்கத்துக்காரி. ராத்திரி கடைகள் ஷட்டர் இறக்கிய பிறகு நீலத் தாட்பத்ரியை, அதாவது தார்ப்பாயை, விரித்துப் படுப்பாள். விடியும் முன் எழுந்து தாதர் பூ மார்க்கெட்டுக்குப் போகவேண்டும். போவதற்குள் தாட்பத்ரி, போர்வை, ஸ்டவ், இரண்டு குண்டான் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, கயிற்றில் இழுத்து மரத்தின் கவட்டில் ஏற்றிவிடுவாள். "ஏன் ஆயா மேலே?" என்று ஒருதரம் கேட்டேன். "தரையில இருந்தா முனிசிபாலிட்டி வண்டி எடுத்துனு போயிடும் தம்பி. என்னை எவனும் தொடமாட்டான், மூட்டையைத்தான் தூக்குவான்" என்றாள். எங்கள் சீனியர் அரைமணி நேரம் வாதாடினாலும் இதைவிடத் தெளிவாகச் சொல்லமாட்டார்.

ஏனென்றால் 1888-ம் வருஷத்து மும்பை மாநகராட்சிச் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. 312, 313 பிரிவுகள் தெருவில் கட்டக்கூடாது, பொருள் வைக்கக்கூடாது என்கின்றன. மீறினால் நோட்டீஸ்கூட இல்லாமல் அகற்றலாம் என்கிறது 314. மூன்றிலும் படுத்திருக்கும் ஆளைப் பற்றிப் பேச்சே இல்லை.

நீங்கள் சொல்லும் அமெரிக்க வழக்கிலும் போர்வைதான் பிரச்சினை. ஓரிகன் மாநிலத்தில் கிராண்ட்ஸ் பாஸ் என்று ஒரு சின்ன ஊர். வழக்கு நடந்த காலத்தில், பொது இடத்தில் படுக்கை விரித்தாலே அங்கே அது 'முகாம்'. அபராதம் 295 டாலர், கட்டாவிட்டால் இன்னும் ஏறும். திரும்பத் திரும்பச் செய்தால் பூங்காவுக்குள் வரத் தடை, அதையும் மீறினால் 30 நாள் வரை ஜெயில். படுக்க வேறு இடமே இல்லாதவரைத் தண்டிப்பது கொடூரத் தண்டனை ஆகாதா என்பது கேள்வி. ஆகாது என்று ஆறுக்கு மூன்று நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். தூக்கம் உடலின் தேவை, குற்றமல்ல என்று மாற்றுத் தீர்ப்பு எழுதினார் நீதிபதி சோட்டோமயோர். நம் உச்ச நீதிமன்றம் ராம்லீலா மைதான வழக்கில் 2012-லேயே தூக்கத்தை வாழ்வுரிமைக்குள் சேர்த்துவிட்டது. அதற்காக ஆயாவை நடைபாதையில் நிம்மதியாகத் தூங்க விட்டுவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

இங்கே எல்லாவற்றுக்கும் அடிப்படை 1985-ல் உச்ச நீதிமன்றத்தில் வந்த ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பு. பத்திரிகையாளர் பெயரில் நிற்கும் வழக்கு. ஆனால் கூடவே மனு போட்டவர்களில் நம் சேலத்துக்காரர் ஒருவர் உண்டு. நிலமில்லாத கூலி, 1961-ல் பிழைக்க வந்தவர். கெமிக்கல் கம்பெனியில் நாளுக்கு 23 ரூபாய். வெஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவே ஓரம் பிளாஸ்டிக்கும் கித்தானும் கட்டிய மறைப்புக்கு ஒரு தாதா அவரிடம் கறந்தது 2,500 ரூபாய். நூறு நாள் கூலிக்கும் மேல்! 1981 ஜூலையில் முதல்வர் அந்துலே நடைபாதைவாசிகளை எல்லாம் அவரவர் ஊருக்கு அனுப்பப்போவதாக அறிவித்தார். பத்தே நாளில் இவருடைய மறைப்பைப் பிரித்து, குடும்பத்தோடு சேலத்துக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள். மனைவியும் பெண்களும் ஊரிலேயே தங்கிவிட, அவர் மட்டும் வேலை தேடி மறுபடி பம்பாய்க்கே வந்து, மறுபடி ஒரு நடைபாதையில் குடியேறினார். இதெல்லாம் தீர்ப்பிலேயே இருக்கிறது.

சட்டம் படிக்கும் பிள்ளைகள் அந்தத் தீர்ப்பில் பாதியைத்தான் சொல்வார்கள்: பிழைப்பும் வாழ்வுரிமையில் அடக்கம் என்ற பாதியை. நல்ல பாதிதான். வேறு வழியில்லாமல் படுப்பவரைக் குற்ற அத்துமீறல் செய்தவராகக் கருத முடியாது என்றும் அதில் இருக்கிறது. மறு பாதி, நடைபாதையைச் சொந்த உபயோகத்துக்கு எடுத்துக்கொள்ள யாருக்கும் உரிமையில்லை, அகற்றலாம், பொதுவாக நோட்டீஸ் கொடுத்துவிட்டு அகற்றவேண்டும் என்பது. 1976 கணக்கெடுப்பில் அட்டை வாங்கியவர்களுக்கு மாற்று இடம் தரச் சொன்னார்கள். ஆனால் இடம் கொடுத்த பிறகுதான் அகற்றவேண்டும் என்று நிபந்தனை வைக்கவில்லை. ஆக, கொள்கையில் ஜெயித்து, கேஸில் தோற்றார்கள்.

ஆளையே தூக்கும் சட்டம் ஒன்று உண்டு, 1959-ன் பம்பாய் பிச்சை ஒழிப்புச் சட்டம். கை நீட்டவே வேண்டாம். பிழைக்க வழி தெரியாதவர் மாதிரிப் பொது இடத்தில் திரிந்தாலே பிச்சை எடுப்பவர் என்று அர்த்தம் பண்ணலாம். முதல் தடவையே ஒரு வருஷம் முதல் மூன்று வருஷம் வரை பிச்சைக்காரர் இல்லத்தில் அடைக்க வழி இருக்கிறது. டெல்லியிலும் இதே சட்டம் இருந்தது. அதன் முக்கியப் பிரிவுகளை அங்குள்ள உயர் நீதிமன்றம் 2018-ல் செல்லாது என்றது. அது டெல்லிக்கு மட்டும்தான்.

அப்புறம், வீடற்றவர்கள் தங்கும் ஷெல்டருக்குப் போகக்கூடாதா என்பீர்கள். ஒரு லட்சம் பேருக்கு ஒன்று, இருபத்துநாலு மணி நேரமும் திறந்து இருக்கவேண்டும் என்று 2010-லேயே உச்ச நீதிமன்ற உத்தரவு. மும்பை ஜனத்தொகைக்கு நூற்றுக்கும் மேல் வரவேண்டும், நீங்களே ஒன்றைத் தேடிப் பாருங்கள். ஆயாவிடம் கேட்டதற்கு, "பூக்கூடைய எங்க வெக்கிறது? மூணு மணிக்கு யாரு கதவு தொறப்பாங்க?" என்று திருப்பிக் கேட்டாள்.

சரி, உங்கள் புகார். தாராளமாகக் கொடுக்கலாம். வண்டி வரும், மூட்டை போகும், இரண்டாம் நாள் ராத்திரி வேறு போர்வையோடு அதே குடும்பம் வந்து படுக்கும். கண்ணாமூச்சி ஆட்டம் என்று அந்த 1985 தீர்ப்பே இதைச் சொல்கிறது. கொடுத்தே தீரவேண்டும் என்றால் மழை விட்ட பிறகு கொடுங்கள். அன்றைக்கு ஜூலையில் தீர்ப்புச் சொன்ன கோர்ட்டே அக்டோபர் 31 வரை யாரையும் அகற்றாதே என்றுதான் சொன்னது.