வயிற்றில் அடி, ஸ்கேன் நார்மல். பிறகு ஏன் அட்மிட் ஆகச் சொல்கிறார்கள்?

பைக்கின் ஹேண்டில்பார் வயிற்றில் குத்தியிருக்கிறது, அல்ட்ராசவுண்டும் பிரஷரும் நார்மல், அப்புறம் எதற்கு 24 மணி நேரம் படுக்க வைக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள்.

அவசரப் பிரிவில் முதலில் எடுக்கும் ஸ்கேன் உறுப்புகளை ஆராய்வதற்கானது அல்ல. கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் நடுவே, மண்ணீரலைச் சுற்றி, இடுப்புக்குழியில், இதய உறைக்குள் என நாலு இடத்தில் ரத்தம் தேங்கியிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். 200 மில்லிக்குக் குறைவாக இருந்தால் பெரும்பாலும் தெரியாது. குடல் கிழிசலும் கணையக் காயமும் இதில் தப்பிவிடும். ஹேண்டில்பார் குத்தினால் முதுகெலும்பின் மேல் வைத்து நசுங்குவது கணையமும் முன்சிறுகுடலும்தான். குடலில் ஓட்டை விழுந்தாலும் வயிறு இறுகிக் காய்ச்சல் வர பல மணி நேரம் ஆகலாம்.

பிரஷரை மட்டும் நம்பக் கூடாது. இளவயதினருக்கு ஏறக்குறைய 30 சதவீத ரத்தம், அதாவது ஒன்றரை லிட்டர், போகும்வரைகூட அது இறங்காமல் நிற்கும். அதற்கு முன்பே நாடி வேகமாகும், கை கால் சில்லிடும். ஹீமோகுளோபினும் ஆரம்பத்தில் குறையாது; மிச்சமிருக்கும் ரத்தத்தின் அடர்த்தி உடனே மாறுவதில்லையே. அதனால்தான் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள். முடிந்தால் அதே டாக்டரே வந்து வயிற்றை அழுத்திப் பார்ப்பது இன்னும் நல்லது.

நிலை சீராக இருந்தால் கான்ட்ராஸ்ட் (உறுப்புகளைத் தெளிவாகக் காட்டும் மருந்து) ஏற்றி சிடி ஸ்கேன் எடுப்பார்கள். பிரஷர் விழுந்து, வயிற்றில் ரத்தமும் தெரிந்தால் சிடிக்கு நேரமில்லை, நேரே ஆபரேஷன் தியேட்டர்தான். ரத்தப்போக்கு இருந்தால், அதைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராம், 10 நிமிடத்தில், அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் போக வேண்டும். தாமதமாகக் கொடுத்தால் கெடுதலும் உண்டு.

மண்ணீரலோ கல்லீரலோ கிழிந்திருந்தாலும், நிலை சீராக இருந்தால் பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமலே ஆறிவிடும். மண்ணீரலை எடுக்கவேண்டி வந்தால் சில கிருமிகளை எதிர்க்கும் சக்தி குறையும்; அதனால் நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹிப் (Hib) ஆகிய கிருமிகளுக்கான தடுப்பூசிகளைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். வழக்கமாக இரண்டு வாரம் கழித்துப் போடுவார்கள்.

வார்டில் இருக்கும்போது டாக்டர் சொல்லும்வரை தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம். திடீரென மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். வலிக்கு மருந்து கேட்கத் தயங்காதீர்கள், அது அறிகுறியை மறைத்துவிடும் என்பது பழைய பயம். வலி கூடினாலோ, வாந்தி, தலைச்சுற்றல் வந்தாலோ, இடது தோள்பட்டை நுனியில் காரணமில்லாமல் வலித்தாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். தோளில் அடியே படாமல் அங்கே வலிப்பது, மண்ணீரலிலிருந்து கசியும் ரத்தம் உதரவிதானத்தை (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையை) உறுத்துவதால் இருக்கலாம்.