பிப்ரவரியில் கூடும் குழுவால் என்ன பயன்?

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஒரு பள்ளி மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். மாணவர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருவதால் அடுத்த ஆண்டுச் செலவை வெட்டியாக வேண்டும் என்கிறார்கள். இதற்கென அமைக்கும் பட்ஜெட் ஆலோசனைக் குழுவில் ஆசிரியர்கள் சார்பில் சேரும்படி மாவட்டக் கண்காணிப்பாளர் என்னை அழைத்திருக்கிறார். முதல் கூட்டம் பிப்ரவரி கடைசியில். சக ஆசிரியர்களின் வேலையைப் பறிப்பதற்கு என் சம்மதத்தை வாங்கிக்கொள்வார்களோ என்று அஞ்சுகிறேன். சேரலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

சேருங்கள். ஆனால் ஒப்புக்கொள்வதற்கு முன், முதல் கூட்டத்தின் தேதியை முன்னுக்குக் கொண்டுவரக் கேளுங்கள். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்தப் பிப்ரவரிதான்.

உங்கள் மாநிலச் சட்டப்படி, ஆட்குறைப்புக்கு உள்ளாகக்கூடிய ஆசிரியர்களுக்கு மார்ச் 15க்குள் முதல்நிலை அறிவிப்பும், மே 15க்குள் இறுதி அறிவிப்பும் தரப்பட வேண்டும். அந்த முதல்நிலை அறிவிப்பு போக வேண்டுமானால், எந்தெந்தப் பணிகளை எந்த அளவு குறைப்பது என்று பள்ளி வாரியம் அதற்கு முன்பே தீர்மானம் போட்டிருக்க வேண்டும். ஆசிரியர்கள், பிற ஊழியர்கள், சங்கங்கள், பெற்றோர், மாணவர் ஆகிய எல்லோரையும் கலந்தாலோசித்தே எழுத வேண்டும் என்று சட்டம் சொல்லும் எல்.சி.ஏ.பி. (மாவட்டம் தன் இலக்குகளையும் அவற்றுக்கான செலவையும் விளக்கும் திட்டம்) என்பதோ ஜூலை 1க்குள் நிறைவேறினால் போதும் என்பதால், அதன் பொது விசாரணை பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில்தான் நடக்கிறது. எந்த வேலை போகும் என்பது முடிவாகி இரண்டு மூன்று மாதங்கள் கழித்து ஊழியர்களின் கருத்தைக் கேட்டால், அந்தக் கருத்து எதையும் மாற்றுவதற்கு இடமில்லை. உண்மையான வேலை முதல் இடைக்கால நிதி அறிக்கையில் தொடங்குகிறது. அக்டோபர் 31 வரையிலான கணக்கையும் அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கான மதிப்பீட்டையும் கொண்ட அந்த அறிக்கைக்கு டிசம்பர் 15க்குள் வாரியம் ஒப்புதல் தர வேண்டும். ஆளுநரின் பட்ஜெட் ஜனவரி 10க்குள் வந்துவிடும். இந்த இரண்டும் கையில் இருக்கும் ஜனவரியிலாவது குழு கூட வேண்டும்.

கூடியதும், எதை வெட்டலாம் என்ற பட்டியலை எடுக்க விடாதீர்கள். பற்றாக்குறைத் தொகை எந்த அனுமானங்களிலிருந்து வந்தது என்று முதலில் கேளுங்கள். கலிஃபோர்னியாவில் மாநில நிதி, பெயர் பதிந்த மாணவர்களுக்கு அல்ல, அன்றாட வருகையின் சராசரிக்குத்தான் கிடைக்கிறது. 600 பேர் படிக்கும் பள்ளியில் வருகை 93 சதவீதம் என்றால் 558 பேருக்கான பணமே வரும். 10,000 மாணவர் உள்ள மாவட்டத்தில் வருகை ஒரு சதவீதப் புள்ளி ஏறினாலே 100 மாணவருக்கான நிதி கூடும் என்பதால், மதிப்பீட்டில் எந்தச் சதவீதத்தை வைத்திருக்கிறார்கள் என்பது மிகப் பெரிய கேள்வி. மேலும், நடப்பு ஆண்டின் வருகை, சென்ற ஆண்டின் வருகை, நடப்பு ஆண்டுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி ஆகியவற்றுள் எது அதிகமோ அதை மாவட்டம் கணக்கில் கொள்ளலாம். ஆகவே மாணவர் குறைந்ததன் முழு அடியும் சில ஆண்டுகள் தாமதமாகவே விழும். அது எந்த ஆண்டில் விழுவதாகக் காட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

பெருந்தொற்றுக் கால மத்திய நிவாரண நிதியின் கடைசித் தவணையை 2024 செப்டம்பர் 30க்குள் ஒதுக்கி முடித்திருக்க வேண்டும். அந்தப் பணத்தில் உருவாக்கிய பணியிடங்கள் இப்போது பொது நிதியில் தொடர்கின்றனவா என்றும் கேளுங்கள். மாவட்டக் கணக்கின் தலைப்பு எண்களில் 1000 என்று தொடங்குவது ஆசிரியர் உள்ளிட்ட கல்விச் சான்று பெற்றோரின் சம்பளம், 2000 மற்ற ஊழியர் சம்பளம், 5000 வெளிச் சேவைகள், ஒப்பந்தங்கள். இந்த 5000 தொடரை வரிவரியாகப் படிக்க ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள்.

அதே சமயம், அலுவலகம் பணத்தை ஒளித்து வைத்திருக்கிறது என்ற எண்ணத்தோடு உள்ளே போக வேண்டாம். நடுத்தர அளவுள்ள மாவட்டங்கள் குறைந்தது 3 சதவீதம் கையிருப்பு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதற்கு மேல் இருப்பதை எடுத்துச் சம்பளம் கொடுத்தால் ஓராண்டு தாங்கும், அடுத்த ஆண்டு அதே பள்ளம் திரும்ப வரும். பற்றாக்குறை உண்மையாகவே இருக்கலாம். அப்படியிருந்தால், வகுப்பறையை அறிந்த ஒருவர் அந்த அறையில் இருப்பது இன்னும் அவசியம்.

உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். யார் போவது என்பதைப் பெரும்பாலும் பணிமூப்பும் கற்பிக்கும் தகுதிச் சான்றும் முடிவு செய்கின்றன. குழுவுக்கு அதில் வேலை இல்லை. பெயர்ப் பட்டியல் மேசைக்கு வந்தால், அதில் கலந்துகொள்ள மாட்டேன் என்று சொல்லி எழுந்துவிடுங்கள். சம்பளமும் வகுப்பின் அளவும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி சங்கம் பேச்சுவார்த்தை நடத்த வேண்டியவை. எனவே கண்காணிப்பாளருக்குப் பதில் எழுதுமுன் உங்கள் சங்கத் தலைவரிடம் பேசி, முடிந்தால் சங்கத்தின் பரிந்துரையோடு சேருங்கள். குழுவின் பரிந்துரையோடு மாற்றுக் கருத்துகளும் எழுத்தில் வாரியத்துக்குப் போகும் என்ற உறுதியை முதல் கூட்டத்திலேயே பெறுங்கள்.

அந்த உறுதி கிடைக்காவிட்டால், வாரியத்தின் வழக்கமான கூட்டத்துக்குக் குறைந்தது 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரல் வெளியாக வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். ஆட்குறைப்புத் தீர்மானம் அதில் வந்திருந்தால், வாக்கெடுப்புக்கு முன் நீங்களே எழுந்து பேசலாம். அதற்கு யாருடைய அழைப்பும் தேவையில்லை.